புழு அரித்த மாவிலை

இராசமலருக்கு வாழ்த்து அட்டை அடிக்க ஒரு அச்சுப்பொறி வேண்டும். வீட்டில் வைத்து, ஒரு பெண் தனியாக இயக்கக்கூடிய சின்னப் பொறி. எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம், "பொங்கல் வருது, நாலு காட் அடிச்சு வித்தால் கைச்செலவுக்கு ஆகும்" என்று சொன்னாள். பச்சைப் பொய். அச்சுவேலிச் சந்தையடியில் செல்வரட்ணம் நடத்துகிற அச்சகத்தின் கதவு மூடுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும், அதற்குத்தான். அந்த ஆசை மூன்று வருசமாக அவள் வயிற்றுக்குள் கிடந்து எரிந்தது. எரியத்தான் வேண்டும். அவன் பார்த்த வேலை அப்படி.

கேளுங்கள். இராசமலர் பள்ளிக்கூடத்தில் சித்திர ரீச்சர். அவளுக்கும் செல்வரட்ணத்துக்கும் கலியாணம் பேசி, நிச்சயம் செய்து, முகூர்த்தம் வைத்து, மண்டபம் பிடித்து, மேளத்துக்கும் சொல்லியாகிவிட்டது. மாப்பிள்ளையே அச்சகக்காரன், கலியாணக் காட்டை வெளியிலா கொடுப்பான்? "படத்தை நீர் கீறும், அச்சை நான் போடுறன்" என்றான். அவளும் வளவு மாமரத்தில் ஒரு கொத்து முறித்துவந்து முன்னால் வைத்துக்கொண்டு, தேங்காயும் ஐந்து மாவிலையுமாக ஒரு நிறைகுடம் கீறினாள். மூன்றாவது இலையின் ஓரத்தைப் புழு அரித்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததை ஏன் மறைக்க வேண்டுமென்று அதையும் அப்படியே கீறிவிட்டாள். "புழுவுக்கும் காட் குடுத்திட்டீர்" என்று அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பை நம்பினாளே, அதுதான் அவள் செய்த மடைத்தனம்.

அச்சடித்த முதல் காட் வீட்டுக்கு வந்தது. நாலு மூலைக்கும் மஞ்சள் பூசி, சுவாமி அறையில் பிள்ளையார் காலடியில் வைத்தாள். அடுத்த கிழமை தரகர் வந்து, சாதகத்தில் ஏதோ பிழை கண்டுவிட்டார்களாம் என்று தலையைச் சொறிந்தார். என்ன பிழை? பராசக்தி என்றொரு பெண்ணுக்கு, சந்தையடியில் கட்டிய கடையொன்றைச் சீதனமாக எழுதிக் கொடுக்கத் தகப்பன் தயாராயிருந்தார். பிழை அதுதான். ஊருக்கே தெரியும்.

கலியாணம் குழம்புவது உலகத்தில் நடக்காத காரியமில்லை. அழுது தீர்த்துவிட்டு அவள் தன் பாட்டைப் பார்த்திருப்பாள். ஆனால் பத்து நாள் கழித்து அடுத்த வீட்டுக்கு அழைப்பாக வந்த, செல்வரட்ணத்தின் கலியாணக் காட்டை அந்த வீட்டுப் பெண் மறைக்க மறைக்க இராசமலர் வாங்கிப் பார்த்தாள். அதே நிறைகுடம். அதே தேங்காய். அதே புழு அரித்த இலை. அதே நாள், அதே முகூர்த்தம், அதே மண்டபம். அவளுடைய பெயர் இருந்த இடத்தில் மட்டும் பராசக்தி என்றிருந்தது. தாய் குணலட்சுமி அதைப் பறித்து அடுப்புக்குள் போடப் போனாள். இராசமலர் விடவில்லை. அன்று அவள் அழவுமில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஆனியில் சண்டை தொடங்கிக் கரன்ற் நின்றது. செல்வரட்ணம் சீதனக் கடைக்குப் போன கையோடு, காலால் மிதிக்கிற பழைய மெசினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு மோட்டர் மெசின் பூட்டியிருந்தான். இப்போது அதை மண்ணெண்ணெய் இஞ்சினில் ஓட்டினான். மண்ணெண்ணெயோ விளக்குக்கே கிடைக்கவில்லை. நேரம் வந்துவிட்டது என்று இராசமலர் முடிவெடுத்தாள். கரன்ற் இல்லாமல், எண்ணெய் இல்லாமல் ஓடுகிற ஒரு பொறி தேடிச் சைக்கிளை எடுத்தாள்.

முதலில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் தம்பிராசா மாஸ்ரர் தனி வகுப்பு நடத்துகிற ரியூட்டரிக்குப் போனாள். அங்கே கேள்வித்தாள் அடிக்கிற ஒரு ரோனியோ மெசின் விலைக்கு இருந்தது. கையால் சுற்றுவது, கரன்ற் தேவையில்லை. மாஸ்ரர் சுற்றிக் காட்டினார். தாள் கறுப்பாக, மங்கலாக வந்து விழுந்தது.

"கலர் வராதோ, மாஸ்ரர்?"

"கலர் என்னத்துக்குப் பிள்ளை? எழுத்துத் தெளிவாய் விழுகுதெல்லே."

"பொங்கல் வாழ்த்தைப் பாத்துப்போட்டுப் பிள்ளையள் ரண்டாம் கேள்விக்கு விடை எழுதப்போகுதுகள்."

மாஸ்ரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தணித்து, ரோனியோ வைத்திருக்கிற வீட்டைச் சண்டை பிடிக்கிற எல்லாப் பக்கத்தாரும் ஒரு கண்ணாலே பார்க்கிறார்கள், யார் துண்டுப் பிரசுரம் அடித்தாலும் வந்து கதவைத் தட்டுவார்கள் என்றார். தனக்கு அந்தத் தலையிடி போதும் என்றுதான் விற்கிறாராம். நல்ல மனிசன், தன் தலையிடியை விலைக்குக் கொடுக்க ஆள் தேடுகிறார். இராசமலர் கும்பிட்டு விடைபெற்றாள்.

இரண்டாவது, அச்சுவேலிக் கோயிலடியில் இருந்த சிமியோன் வீடு. சிமியோன் முன்பு செல்வரட்ணத்திடம் எழுத்தடுக்கும் வேலை பார்த்தவர். கரன்ற் நின்றதும் அவரை வேண்டாமென்று அனுப்பிவிட்டான். அவரிடம் மேசையில் வைக்கிற ஒரு கைப் பிறெஸ் இருந்தது. பிடியை அமுக்கினால் ஒரு காட். கறுப்பென்ன, சிவப்பென்ன, எந்த மையும் பூசலாம். அழகான சாமான். இராசமலருக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது.

சிமியோன் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சட்டத்துக்குள் அடுக்கி இறுக்கினார். பொங்கல் வாழ்த்து, பொன்னம்பலம் குடும்பத்தினர் என்று ஒரு காட் அடித்தார். பிறகு சின்னக் குறட்டால் பொன்னம்பலத்தைக் கழற்றி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஏரம்பு என்று செருகி இன்னொன்று அடித்தார்.

"பாத்தீரே தங்கச்சி, இதுதான் இதின்ரை வசதி. மற்றதைத் தொடத் தேவையில்லை."

இராசமலர் இரண்டு காட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ரை பேரையும் உப்பிடித்தானே கழட்டினனீங்கள், அண்ணை?"

சிமியோனின் கை குறட்டோடு நின்றுவிட்டது. மனிசன் நிலத்தைப் பார்த்தார்.

"நான் சொன்னனான், தங்கச்சி. முழுக்கப் பிரிச்சுப்போட்டுப் புதுசாய் அடுக்குவம், வேறை படம் போடுவம், அந்தப் பிள்ளை பாவம் எண்டு சொன்னனான். 'எல்லாம் அப்பிடியே கிடக்கட்டும், பேரை மட்டும் மாத்தினால் காணும்' எண்டவர். சொல்லிப்போட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போட்டார்."

தேத்தண்ணி குடிக்கப் போனானாம். அந்த ஒரு வசனத்தை அவள் மனசுக்குள் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டாள்.

"வடிவான மெசின் அண்ணை. ஆனால் பேர் கழருற மெசின் எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழும்பினாள்.

மூன்றாவதாகத்தான் அது கிடைத்தது. திருநெல்வேலியில் அறை எடுத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற கமலாவதி என்ற கம்பஸ் பிள்ளை, நாடகங்களுக்கு நோட்டீஸ் அடிக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனாள். அங்கே மெசின் என்று ஒன்றுமே இல்லை. ஒரு மரச்சட்டம். அதில் மெல்லிய துணியை இழுத்து அறைந்திருந்தது. உருவம் வெட்டிய தாளைத் துணியின் கீழே ஒட்டி, மேலே மையை ஊற்றி, ஒரு றப்பர்த் துண்டால் கமலாவதி இழுத்தாள். வெட்டிய இடத்தால் மட்டும் மை இறங்கி, கீழே இருந்த மட்டையில் பளிச்சென்று சிவப்புப் பூ விழுந்தது.

"இதிலை ஒரு பேரை மாத்திறதெண்டால்?" இராசமலர் கேட்டது அது ஒன்றைத்தான்.

"ஏலாது அக்கா. படமும் எழுத்தும் ஒரே தாளிலை வெட்டினது. ஒரு எழுத்தைக்கூடக் கழட்டேலாது. மாத்திறதெண்டால் முழுக்கக் கிழிச்செறிஞ்சுபோட்டுப் புதுசாய்த்தான் வெட்டவேணும். அதுதான் இதிலை உள்ள கரைச்சல்."

"அந்தக் கரைச்சல்தான் எனக்கு வேணும்" என்றாள் இராசமலர்.

சட்டத்துக்கு மரம் வீட்டில் கிடந்தது. றப்பருக்குப் பழைய பாட்டாச் செருப்பு. ஆனால் துணிதான் எங்கேயும் இல்லை. மெல்லிய நைலெக்ஸ் சேலை இருந்தாலும் சரிவரும் என்று கமலாவதி சொன்னாள். இராசமலரிடம் ஒன்று இருந்தது. நிச்சயத்துக்குச் செல்வரட்ணம் வீட்டார் கொண்டுவந்து உடுத்திய சேலை. கலியாணம் குழம்பினால் அதைத் திருப்பி அனுப்புவதுதான் முறை. தாய் எத்தனையோ தடவை சொல்லியும் அவள் அனுப்பவில்லை. ஏன் அனுப்பவில்லை என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. பெட்டியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

"விசரே பிள்ளை உனக்கு? நல்ல சேலையெல்லே" என்று குணலட்சுமி பதறினாள்.

"ஓம் அம்மா. நல்லாய் இழுபடும்."

மட்டைக்குப் பழைய கலண்டர்களின் வெள்ளைப் பின்பக்கம். மைக்கு, தேருக்கு வர்ணம் பூசுகிறவரிடம் மிஞ்சிக் கிடந்த பெயின்ற். ஒரே தாளில் மற்ற இடங்களை மூடி மூடி, குடத்துக்கு மஞ்சள் ஒரு இழுப்பு, இலைக்குப் பச்சை ஒரு இழுப்பு, எழுத்துக்குச் சிவப்பு ஒரு இழுப்பு. வேறு என்ன படமும் கீற அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வேண்டுமென்றே அதே நிறைகுடத்தை, அதே ஐந்து இலையோடு, மூன்றாவது இலையின் ஓரத்தைப் புழு அரித்தபடியே வெட்டினாள். கீழே 'படம்: இராசமலர்' என்று போட்டாள். வளவெல்லாம் கயிறு கட்டி, கவ்வி கொழுவி, காட்டுகள் வெயிலில் காய்ந்தன.

மார்கழி பிறக்கும்போது அவளுடைய காட் புத்தகக் கடைகளில் தொங்கியது. பக்கத்திலே செல்வரட்ணத்தின் காட்டும் தொங்கியது. சாம்பல் நிறத்தில், மண்ணெண்ணெய் மணத்தோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எதை வாங்குவார்கள்? பாதி மார்கழிக்குள் கடைக்காரர்கள் அவனுடைய கட்டுகளைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். இராசமலர் அதைக் கேட்டு இரண்டு கோப்பை தேத்தண்ணி குடித்தாள்.

செல்வரட்ணம் பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். வாய் விட்டதா? கடை வாசலில் நின்று, "உவள் என்ரை கலியாணக் காட்டைப் பாத்துக் களவெடுத்திட்டாள்" என்று வாறவன் போறவனுக்கெல்லாம் கத்தினான். அவனாலே வேறு என்ன சொல்ல முடியும்? அந்தப் படத்தைத் தானே கீறியதாக அல்லவா பெண்சாதிக்கு மூன்று வருசமாகச் சொல்லி வைத்திருக்கிறான்.

பராசக்தி விடுகிற ஆளில்லை. விறாந்தையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த தன் கலியாணக் காட்டைக் கழற்றிக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு, வெயிலென்றும் பாராமல் இராசமலர் வீட்டுப் படலையைத் தள்ளித் திறந்தாள்.

"நீர்தானே சித்திர ரீச்சர்? படிப்பிக்கிற நீரே களவெடுத்தால் பிள்ளையள் என்ன செய்யுங்கள்? இது என்ரை மனிசன் எனக்கெண்டு கீறின படம். இந்த இலையைப் பாரும். எந்த மனிசரிலையும் ஒரு குறை இருக்கும், அதோடைதான் வாழவேணும் எண்டு காட்டக் கீறினது எண்டு கலியாணத்துக்கு முதலே எனக்குச் சொன்னவர்."

இராசமலருக்கு ஒரு கணம் அவள்மேல் இரக்கம் வந்தது. வந்தது உண்மை. ஆனால் மூன்று வருச நெருப்பு அதைவிடப் பெரிசு. சுவாமி அறைக்குள் போய், பிள்ளையார் காலடியில் இருந்த காட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். மூலைகளில் மஞ்சள் காய்ந்து கபில நிறமாகியிருந்தது.

"இருங்கோ. இருந்து வாசியுங்கோ."

பராசக்தி வாசித்தாள். தன்னுடையதை மடியில் வைத்து, மற்றதைக் கையில் பிடித்து, வரி வரியாக வாசித்தாள். நாளில் விரலை வைத்தாள். முகூர்த்தத்தில் விரலை வைத்தாள்.

"இந்த நேரம் என்ரை சாதகத்துக்கெண்டு பாத்து வைச்சதெண்டு சொன்னவர்."

"என்ரை சாதகத்துக்குப் பாத்தது. அந்தச் சாதகத்திலைதான் பிழையெண்டு எங்களுக்குச் சொன்னவை. நேரத்திலை பிழையில்லைப்போலை."

குணலட்சுமி கொண்டுவந்து வைத்த தண்ணீரைப் பராசக்தி தொடவில்லை. முகம் கறுத்து, உதடு இறுகி, பிறகு மெல்ல மெல்ல வேறொரு முகமாக வந்தது. அந்த முகத்தை இராசமலருக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம்.

"அக்கா, உங்களுக்கு இந்தச் சட்டம், கயிறெல்லாம் வைக்க வளவு காணாதெல்லே" என்றாள் பராசக்தி. "சந்தையடிக் கடை என்ரை சீதனம். காணி உறுதிப் பத்திரம் என்ரை பேரிலை. என்ரை கையெழுத்தில்லாமல் அவர் ஒரு ஓட்டைக்கூட அசைக்கேலாது. அவரின்ரை மெசின் ஓடாமல் சும்மாதானே இடத்தை அடைச்சுக்கொண்டு நிக்குது."

பொங்கலுக்கு முதல் வந்த நல்ல நாளில் செல்வரட்ணம் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கடைக்குத் திரும்பினான். மோட்டர் மெசின் பின்கோடிக்குத் தள்ளப்பட்டுச் சாக்கால் மூடியிருந்தது. வாசலில் ஏணி. ஏணியின் உச்சியில் இராசமலர், கையில் தூரிகையோடு. 'செல்வரட்ணம் அச்சகம், அச்சுவேலி' என்றிருந்த பலகையில் முன்சொல் ஏற்கெனவே வெள்ளையால் அழிக்கப்பட்டிருந்தது. அந்த இடத்தில் இராச என்று சிவப்பில் விழுந்திருந்தது. சந்தைக்கு வந்த சனம் வெங்காயக் கூடைகளோடு நின்று பார்த்தது.

"என்ன வேலை பாக்கிறீர்? ஆரைக் கேட்டு என்ரை பலகையிலை கை வைச்சனீர்?"

இராசமலர் திரும்பி அவனைப் பார்த்தாள். மூன்று வருசத்துக்குப் பிறகு இப்போதுதான் நேருக்கு நேர் பார்க்கிறாள்.

"பயப்பிடாதேங்கோ. எல்லாம் அப்பிடியே கிடக்கட்டும். பேரை மட்டும் மாத்தினால் காணும்."

அவனுக்கு விளங்கிவிட்டது. கடைக்குள்ளே பார்த்தான். கல்லாவுக்குப் பின்னாலிருந்த சுவரில், ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் இரண்டு கலியாணக் காட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தன. அதன் கீழே பராசக்தி இருந்து, பொங்கல் காட்டுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"இஞ்சாருங்கோ, சும்மா நிக்காமல் அந்த ஏணியைப் பிடியுங்கோ" என்றாள். "அக்கா மிச்சத்தையும் எழுதி முடிக்கட்டும்."

சனம் பார்த்துக்கொண்டு நின்றது. செல்வரட்ணம் ஏணியைப் பிடித்தான்.