எட்டுக் கால் சிப்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரனை அந்தத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். பட்டம் அவன் தலையில் கொஞ்சம் அதிகமாகவே ஏறியிருந்தது. இல்லாவிட்டால், மேஜையில் குவிந்து கிடந்த அடாப்டர்களில் கைக்கு வந்ததை எடுத்து, என்ன ஏதென்று பார்க்காமல் அண்ணியின் ஹார்ட் டிஸ்க்கில் செருகியிருப்பானா? பன்னிரண்டு வோல்ட் கேட்கும் டிஸ்க்குக்குள் லேப்டாப்பின் பத்தொன்பது வோல்ட் பாய்ந்தது. பட்டென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, அவ்வளவுதான்.

அண்ணி, வீடு கட்டுகிறவர்களுக்கு வரைபடங்கள் போட்டுக் கொடுப்பவள். அவள் உழைப்பு மொத்தமும் அதற்குள்தான். "இன்னொரு காப்பி எடுத்துக் குடுங்க தம்பி" என்று நம்பிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் போன் செய்தபோது அவன் வாய் முந்திக்கொண்டது.

"டிஸ்க் வேலை செய்யல. எங்கயோ கீழ விழுந்திருக்கு போல அண்ணி."

அந்தப் பக்கம் அண்ணி மகளைக் கூப்பிட்டாள். போன வாரம் டிஸ்க் இருந்த பையைத் தட்டிவிட்டது யார் என்ற கேள்வியும், அடி விழுந்த சத்தமும், குழந்தையின் அழுகையும் போனிலேயே கேட்டன. "அண்ணி, வந்து..." என்று இவன் இழுப்பதற்குள் லைன் கட்டாகிவிட்டது. திரும்பக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. தன்னை நினைக்கவே அவனுக்குக் கூசியது.

டிஸ்க்கை மீட்டுக் கொடுத்துவிட்டால் எல்லாம் மறந்துபோகும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டான். அதே மாடலில் பழைய டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதன் அடியிலிருந்த சர்க்யூட் போர்டைக் கழற்றினான். ஆனால் போர்டை மட்டும் மாற்றினால் ஆகாது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன்னுள் சுழலும் தட்டைப் படிக்கும் கணக்கு, அதனதன் போர்டிலுள்ள எட்டுக் கால் சிப்புக்குள் இருக்கும். கருகிய போர்டிலிருந்து அந்தச் சிப்பைச் சூடு காட்டி எடுக்கும்போது கை தவறி, ஒரு கால் அடியோடு முறிந்தது. எத்தனையோ சிப்புகளை அலட்டிக்கொள்ளாமல் எடுத்த கை! மூச்சைப் பிடித்துக்கொண்டு, கால் இருந்த இடத்தில் பிளாஸ்டிக்கைப் பிளேடால் சுரண்டினான். ஊசிமுனை அளவு உலோகம் மினுங்கியது. முடி போன்ற கம்பி ஒன்றை அதில் பற்றவைத்து, சிப்பை மாற்றுப் போர்டில் உட்காரவைத்து, அதை அண்ணியின் டிஸ்க்கில் மாட்டினான். இந்த முறை அடாப்டரில் எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்த பிறகுதான் செருகினான். டிஸ்க் சுழன்றது. வரைபடங்கள் ஒன்று விடாமல் வந்தன.

சாயங்காலம் அண்ணி மகளோடு வந்தாள். "நீங்க இல்லன்னா நான் நடுத்தெருவுலதான் நின்னிருப்பேன் தம்பி" என்று கண் கலங்கினாள். அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நல்லவேளையாக அவளுக்கு ஒரு போன் வர, பேசிக்கொண்டே வாசலுக்குப் போனாள். குழந்தை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேஜையிலிருந்து தள்ளியே நின்றது.

"கிட்ட வந்து பாரு கண்ணு."

"வேணாம் சித்தப்பா. நான் தொட்டா கெட்டுப்போயிடும்."

அவன் குழந்தையின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தான்.

"நீ கீழ போட்டதால கெடலடா. சித்தப்பாதான் தப்பான சார்ஜரைச் செருகி எரிச்சுட்டேன். அம்மாகிட்ட பொய் சொல்லிட்டேன்."

குழந்தை வாசலைப் பார்த்தது. பிறகு அவன் காதருகே வந்து ரகசியமாகச் சொன்னது.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க சித்தப்பா. நான் போட்டதாவே இருக்கட்டும். என்னைத்தான் திட்டி முடிச்சுட்டாங்கல்ல."

அவன் எழுந்தான். "அண்ணி, கொஞ்சம் உள்ள வாங்க" என்றான். குரல் அவனுக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சத்தமாகக் கூப்பிட்டான்.