கீழ்வீட்டு டிவியில் கரடிப் பாட்டு

தங்கையும் அவள் மகளும் என் வீட்டில் ஒளிந்திருப்பது யாருக்கும் தெரியக் கூடாது. கீழ்வீட்டுக்குத் தெரியவே கூடாது. இந்த மாடி வீட்டை எனக்குப் பிடித்துக் கொடுத்தவனே தங்கையின் கணவன்தான். வீட்டுக்காரர் அவனுக்கு வேண்டியவர். அவள் குழந்தையோடு வெளியேறிய நாளிலிருந்து அவன் கீழே போன் போட்டு விசாரித்துக்கொண்டே இருந்தான். வீட்டுக்காரரே படிக்கட்டில் என்னை நிறுத்திச் சொன்னார். "பாவம்மா, பையன் ரொம்ப அலையறான். ஏதாச்சும் தெரிஞ்சா சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

அந்தப் 'பாவம்' தங்கையின் கழுத்தில் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது. அவன் நெரித்த ஐந்து விரலையும் தனித்தனியாக எண்ணலாம். தங்கைக்காக நான் பேசியிருந்த வக்கீலம்மா கேட்டதால் எல்லாவற்றையும் என் போனில் படமெடுத்து வைத்திருந்தேன்.

சிட்டுவுக்கு மூன்று வயது. ஓடாதே, குதிக்காதே, ஜன்னல் பக்கம் போகாதே. அந்த வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்வதும் மழையைச் சத்தமில்லாமல் பெய்யச் சொல்வதும் ஒன்றுதான். காலில் இரட்டைச் சாக்ஸ் மாட்டி விட்டிருந்தோம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று, கரடிப் படம். தங்கையின் போனை அணைத்து வைத்தாயிற்று, என் போன் அலுவலகத்துக்குப் போய்விடும். ஆனால் கப்பலில் வேலை செய்யும் என் கணவர், அலமாரியில் ஒரு கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டி வைத்துவிட்டுப் போயிருந்தார். படம், பாட்டு எல்லாம் அதற்குள். என் போனில் எடுக்கும் போட்டோக்கள்கூடத் தானாக அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதில் மீடியா சர்வர் என்று ஒரு சாஃப்ட்வேர் போட்டால் டிவியிலேயே பார்க்கலாமாம்.

விடுமுறை நாள் காலையில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். இன்ஸ்டால் என்று அமுக்கியதும் ஒரு கோடு நகர்ந்தது. அரைமணி நேரம் ஊர்ந்தது என்றுதான் எனக்குத் தோன்றியது. பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தது. எந்தெந்த ஃபோல்டரைக் காட்ட வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போடும் பொறுமைசாலி இல்லை நான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தேன். நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கருவிகளுக்கும் காட்டலாமா? காட்டட்டுமே, யார் வேண்டாம் என்றது?

டிவியில் கரடி வந்து ஆடியது. சிட்டு இரண்டு கையாலும் தொடையில் தட்டிக்கொண்டு, சத்தம் வராமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பழக்கிவிட்டோமே என்று எனக்கு அழுகை வந்தது. இருந்தாலும் சாதித்துவிட்ட மிதப்பில் தேநீர் போடச் சமையலறைக்குப் போனேன்.

அங்கேதான் கேட்டது. கரடிப் பாட்டு. கூடத்திலிருந்து இல்லை, காலுக்குக் கீழிருந்து.

கீழே வீட்டுக்காரரும் அவர் மனைவியும் மட்டும்தான். குழந்தை குட்டி கிடையாது. பாத்திரத்தைக் கையில் வைத்தபடி யோசித்தேன். யோசிக்க ஒன்றுமில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே வைஃபை. அவருடைய வைஃபை; மேலே சிக்னல் எட்ட என் கூடத்திலும் ஒரு டப்பா வைத்திருந்தார். என் பெட்டி அவர் டிவியிலும் கடையை விரித்திருக்கிறது.

ஓடிப்போய் பெட்டியின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். கரடி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. கீழேயும் பாட்டு நின்றது.

"என்னக்கா?" என்றாள் தங்கை.

"கீழ அவங்க டிவியிலயும் ஓடியிருக்கு. நம்ம பெட்டியில இருக்கறதெல்லாம் அங்க தெரிஞ்சிருக்கும்."

"எல்லாம்னா? நீ எடுத்த போட்டோவுமா?"

அவள் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. இரண்டு பேரையும் குளியலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். வாசல் தாழ்ப்பாளைத் திறந்தேன்.

வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். தண்ணீர் மோட்டாருக்காகச் சண்டை போடுவதைத் தவிர என்னிடம் அதிகம் பேசியதில்லை. கையில் கணவரின் போன்.

"ஏம்மா, எங்க டிவியில புதுசா ஒண்ணு வந்துச்சு. என்னன்னு அமுக்கினா கரடி ஆடுது. உன் வேலையா?"

"சாஃப்ட்வேர் ஒண்ணு போட்டேன்க்கா. கை தவறி..."

"கரடிக்குப் பக்கத்துலயே போட்டோ வரிசையா இருந்துச்சு."

அவர் பார்வை என்னைத் தாண்டித் தரையில் விழுந்தது. அங்கே சிட்டுவின் ஒற்றைச் சாக்ஸ் கிடந்தது.

அப்போது அவர் கையில் இருந்த போன் அடித்தது. திரையை என் பக்கம் திருப்பினார். அவன்தான்.

"இவர் குளிக்கிறார். எடுக்கலன்னா நேர்ல வந்து நிப்பான்" என்று முணுமுணுத்து, ஸ்பீக்கரைப் போட்டார்.

"அண்ணே?"

"அவர் குளிக்கிறார்ப்பா. நான்தான் பேசறேன்."

"மேல யாராச்சும் வந்தாங்களா அண்ணி?"

அவர் என்னையே பார்த்தார். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. காலில் விழுந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

"யாரும் வரலப்பா" என்றார்.

எனக்கு மூச்சு திரும்புவதற்குள் குளியலறையிலிருந்து பாட்டு கிளம்பியது. டிவி விட்ட இடத்திலிருந்து சிட்டு பாடத் தொடங்கியிருந்தாள்.

"அது என்ன சத்தம்? குழந்தை பாடற மாதிரி இருக்கே."

"டிவிப்பா. கரடிப் படம்."

"உங்க வீட்டுல யார் அண்ணி கரடிப் படம் பாக்கறது?"

"நான்தான். ஏன், எனக்குக் கரடி ஆகாதா?"

அவன் சிரிக்கவில்லை. "கொஞ்சம் அதை அணைங்க அண்ணி."

அணைக்க அங்கே என்ன இருக்கிறது? திரையில் கரடி எப்போதோ நின்றுபோயிருந்தது. வீட்டுக்காரம்மா குளியலறைப் பக்கம் திரும்பி, "இருப்பா, டிவியை அணைக்கிறேன்" என்று சத்தமாகச் சொன்னார்.

பாட்டு பாதிச் சொல்லில் நின்றது.

போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது. காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான். குழாய் சொட்டுவதுகூட எனக்கு இடி மாதிரி விழுந்தது.

"சரி அண்ணி. அண்ணன் வந்தா பேசச் சொல்லுங்க." வைத்துவிட்டான்.

வீட்டுக்காரம்மா போனை முந்தானையில் துடைத்தார். "டிவின்னு சொல்லிட்டேன். இனிமே டிவி ஓடணும். பெட்டியை மறுபடி போடு, மேலயும் கீழயும் ஓடட்டும். அந்த போட்டோவை மட்டும் எடுத்துடு. இவர் கண்ணுல பட்டா என்னால ஒண்ணும் பண்ண முடியாது." இரண்டு படி இறங்கியவர் நின்றார். "எத்தனை நாள் இப்படிச் சமாளிப்பீங்க? அந்த வக்கீலைச் சீக்கிரம் பாருங்க." வக்கீலைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அப்படிப் படமெடுத்து வைப்பது எதற்கென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

குளியலறைக் கதவைத் திறந்தேன். தங்கையின் உள்ளங்கை சிட்டுவின் வாயை இறுக்கிப் பொத்தியிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். சிட்டுவின் கன்னத்தில் அம்மாவின் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. தங்கை அதைப் பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கீழே எதுவும் தெரியாமலிருக்க என் கூடத்து வைஃபை டப்பாவை அணைத்துவிட்டு, லேப்டாப்பைப் பெட்டியோடு நேராக ஒரு வயரால் இணைத்து, போட்டோ ஃபோல்டரைப் பட்டியலிலிருந்து நீக்கினேன். இந்த முறை ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டேன். பிறகு எல்லாவற்றையும் போட்டதும் கரடி வந்து ஆடியது. கொஞ்ச நேரத்தில் கீழேயும் பாட்டு கேட்டது, வேண்டுமென்றே சத்தமாக.

"பாடு சிட்டு, இப்ப பாடலாம்" என்றேன்.

கரடியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் தலையாட்டி மறுத்தாள். தன் சின்னக் கையைத் தானே தூக்கி வாயைப் பொத்திக்கொண்டாள்.