இருபத்து நான்கு மஞ்சள் சட்டைகள்

சுனிதா சட்டைகளை எண்ணினாள். தலைகளை எண்ணியிருக்க வேண்டும். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அந்த வகை ஞானம் இது.

பினாங்கிலிருந்து கொச்சிக்கு வந்திருந்த தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பாடகர் குழு. இருபத்து நான்கு பிள்ளைகள், எல்லாருக்கும் மஞ்சள் டிஷர்ட். மிஷன் பயணம் என்று பெயர். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பாடுவார்கள், நடுநடுவே ஊர் பார்ப்பார்கள். பள்ளுருத்திக்காரி சுனிதாவுக்குத் தமிழும் வரும் மலையாளமும் வரும் என்பதால் டிராவல்ஸ்காரர்கள் அவளை வழிகாட்டியாக அனுப்பியிருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்து நாலாவது நாள். கார்ப்பரேஷன் துப்புரவுத் தொழிலாளியின் மகள் கழுத்தில் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவதைத் தெருவே வாசலில் நின்று பார்த்தது.

காலையில் சுள்ளிக்கல்லில் ஒரு பள்ளி. பாடுகிற இடத்தில் கூடச் சேர்ந்து நன்றாகப் பாடும் உள்ளூர்ப் பிள்ளை ஒன்றுக்கு ஒரு மஞ்சள் சட்டையைப் பரிசாக மாட்டிவிடுவது இவர்கள் வழக்கம். சுனிதாவும் சேர்ந்து கைதட்டினாள். பிற்பகலில் மட்டாஞ்சேரி அரண்மனை. பார்த்து முடித்து பஸ்ஸில் ஏறும்போது எண்ணினாள். இருபத்து நான்கு மஞ்சள். "போலாம் சேட்டா," என்றாள் டிரைவர் ஷாஜியிடம்.

ஃபோர்ட் கொச்சியில் சீன மீன்வலைகளுக்கு முன்னால் குழு பாடுவதற்கு அணிவகுத்தபோது கடைசி வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது. முன்வரிசையில் குழுவைச் சேராத ஒரு சிறுமி வாயெல்லாம் பல்லாக நின்றாள்.

"நீ யாரு மோளே?"

"ராவிலே ஸ்கூளில் ஷர்ட் தந்நில்லே சேச்சீ? பஸ் கண்டப்போ ஞானும் கேறி."

அவள் வீடு அரண்மனைக்குப் பின்னால். பஸ்ஸைப் பார்த்திருக்கிறாள், காலையில் பள்ளியில் கொடுத்த சட்டை மேலேயே இருந்தது, ஏறிவிட்டாள். இது இருபத்து நான்காவது என்றால், இவர்களில் ஒன்று எங்கே?

"மதுவந்தி," என்றார் பாட்டு மாஸ்டர் தங்கதுரை. அவர் உதடு வெளுத்துவிட்டது. "பத்து வயசு. கையில போன் கூட இல்ல."

அரண்மனையை விட்டு வந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மற்ற பிள்ளைகளை விட்டுவிட்டு அவரால் நகர முடியாது. ஆட்டோவில் ஏறப்போன சுனிதாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவசரமாகச் சொன்னார்: "எங்க குழுவுல ஒரு சட்டம் இருக்கும்மா. வழி தவறினா நடக்கக் கூடாது. நின்ன எடத்துலயே நின்னு அவங்கவங்க பாகத்தப் பாடணும். கூப்பிட வர்றவங்க மெட்டப் பாடுவாங்க. மெட்டுப் பாடாத ஆளு யாரு கூப்பிட்டாலும் போகக் கூடாது. அவ பாடிக்கிட்டுத்தான் இருப்பா, நீ காதக் குடுத்துக் கேளு."

அந்தப் பாட்டு சுனிதாவுக்குத் தெரியும். மூன்று நாளாகக் கேட்கிறாள். 'கரையில் விளக்கு எரியுது, காத்திருப்பவர் இருக்கிறார்.'

உள்ளூர்ச் சிறுமியை அவள் வீட்டில் விட்டுவிட்டு சுனிதா தேடத் தொடங்கினாள். அரண்மனை வாசலில் இல்லை. யூதத் தெருக் கடைகளில் இல்லை. ஒவ்வொரு கடைக்காரரிடமும் மெட்டை முனகிக் காட்டி, இப்படி ஒரு பாட்டு கேட்டீர்களா என்று விசாரித்தாள். எல்லாரும் கையை விரித்தார்கள். பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குகளுக்கு இடையே குறுகலான சந்துகள். ஒவ்வொன்றும் படிகளாக நேரே காயல் தண்ணீரில் போய் இறங்கும். அந்தப் படிகளைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. தண்ணீர் சத்தம் போடாமல் ஆளை வாங்கிக்கொள்ளும். பதறாத காரியம் சிதறாது என்பாள் அவள் அம்மா. பதறாமல் இருக்க இது என்ன அம்மாவின் அடுப்பங்கரைக் காரியமா?

தெருக்கோடிவரை போய்த் திரும்பினாள். ஐந்து மணி தாண்டிவிட்டது. சுமை இறக்கிவிட்டுச் சாயா குடித்துக்கொண்டிருந்த வேலன் என்பவரிடம் அழாத குறையாகக் கேட்டாள்.

"பாட்டொண்ணும் கேக்கல மோளே," என்றார் அவர். "அந்த எடவழியில ஒரு கொச்சு நின்னு ஒரே மாதிரி மூளிட்டிருக்கு. கிட்டப் போனா இன்னும் ஒரக்க மூளுது. பிஸ்கட் குடுத்தோம், வாங்கல. சொகமில்லாத கொச்சுன்னு விட்டுட்டோம்."

சந்தில் நின்று முனகிக்கொண்டிருக்கும் குழந்தை! சுனிதா தங்கதுரையைப் போனில் அழைத்தாள். "மாஸ்டர், மதுவந்தி மெட்டுப் பாட மாட்டாளா?"

"அவ ரெண்டாம் குரலாச்சேம்மா! மெட்டு அவ பாகமே இல்ல. கீழ்ச் சுருதியிலயே நின்னு ஒரே எடத்துல இழுத்துக்கிட்டிருப்பா. நான் சொல்லலையா?"

சொல்லவில்லை. அந்தச் சந்து முனையை அவள் முதலிலேயே ஒரு தடவை தாண்டியிருந்தாள். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை ஏதோ மோட்டார் என்று நினைத்துப் போயிருந்தாள்.

ஓடினாள். சந்தின் கடைசியில், மூட்டைகளைத் தாண்டி, படிக்கட்டின் விளிம்பில் மஞ்சள் சட்டை தெரிந்தது. குரல் முக்கால்வாசி போய்விட்டது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"மதுவந்தி! வா மோளே!"

சிறுமி அவளைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் உரக்கப் பாடியபடி ஓரடி பின்னால் போனாள். அவள் குதிகாலுக்குப் பின்னே பாசி பிடித்த ஒரே ஒரு படி, அதற்கப்புறம் காயல். சுனிதா அப்படியே நின்றுவிட்டாள். பாய்ந்து பிடிக்கலாம், பாய்ந்தால் அவள் இன்னொரு அடி போவாள்.

பள்ளியில் வாயை மட்டும் அசை, சத்தம் வேண்டாம் என்று டீச்சர் தனியாக எச்சரித்த பெண் சுனிதா. ஆனால் மெட்டைப் பாடினால்தான் இவள் வருவாள். இரண்டு தடவை வாயைத் திறந்தும் காற்றுதான் வந்தது. மூன்றாவது தடவை குரல் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தது.

"கரையில் விளக்கு எரியுது..."

அந்த முனகல் மெதுவாக இறங்கி அவள் குரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தது. இவ்வளவு நேரம் அர்த்தமில்லாமல் கிடந்த சத்தம் இப்போது பாட்டானது. சுனிதா ஒவ்வொரு வரிக்கும் ஒரு அடி நகர்ந்தாள். கடைசி வரி முடியும்வரை சிறுமி அசையவில்லை. முடிந்ததும் இரண்டு கையாலும் சுனிதாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சுனிதா அவளைத் தூக்கிக்கொண்டு தண்ணீரை விட்டு விலகினாள். அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

"சின்ன ஆட்டுக்குட்டி ஒண்ணு வந்துச்சுக்கா, அது பின்னாலயே இங்க வந்துட்டேன், திரும்பிப் பாத்தா யாரும் இல்ல," என்றாள் மதுவந்தி, பாதிக் குரலில். "நாப்பத்தோரு தடவ பாடிட்டேன். விரல் விட்டு எண்ணிக்கிட்டே இருந்தேன்."

சாலைக்கு வரும்வரை சுனிதா அவளைக் கீழே இறக்கவில்லை.