நாற்பத்தோராம் பிரிவின் முகவரி

பழைய அரசியல் சாசனத்தை வைத்துக்கொள்வதா, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதுவதா என்று அவையில் விவாதம் தொடங்கிய செவ்வாய்க்கிழமை, அதன் நாற்பத்தோராம் பிரிவு கண்ணாடிப் பெட்டியிலிருந்த மூலப்பிரதியை விட்டு வெளியேறி, அவைத் தட்டச்சுக்காரியின் சமையலறைச் சுவரில் அடுப்புக்கு மேலே ஒட்டிக்கொண்டது. இரண்டே வரி. பிள்ளைக்குத் தாய் ஒருத்தியே காப்பாளராக இருந்தால் போதும் என்பது அதன் சாரம். எண்ணெய்க் கறை என்று நினைத்து அவள் துடைத்துப் பார்த்தாள். வாசித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அழுதாள். புதுச் சாசனத்தில் அந்தப் பிரிவு கிடையாது. அது நிறைவேறிய மறுநாளே ஐந்து வயது மகளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவதாக, பிரிந்துபோன புருஷன் சொல்லியனுப்பியிருந்தான்.

அவையில் ஒரு வழக்கம் உண்டு. தட்டச்சான ஒவ்வொரு பக்கத்தையும் பழைய சாசனத்தின் மூலத்தோடு வரிவரியாகச் சரிபார்த்து, 'ஒப்பிட்டேன்' என்று அவள் கையெழுத்திட்டால்தான் அது வாக்கெடுப்புக்குப் போகும். நாற்பத்தோராம் பிரிவு விடுபட்டிருந்த, புது வரைவின் பதினேழாம் பக்கத்தை அவள் மேசையிலேயே நிறுத்திவைத்தாள்.

"சும்மா ஒரு கையெழுத்தப் போடும்மா. யாரு பாக்கப்போறா?" என்றார் அவைச் செயலர்.

"ஒப்பிடாம போட மாட்டேன் சார். மூலம் எங்க வீட்டு அடுப்புக்கு மேல இருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

அவை உறுப்பினர்கள் வந்தார்கள். சுண்ணாம்பு அடித்தார்கள், காய்வதற்குள் எழுத்து மேலே வந்துவிட்டது. உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார்கள். இன்னும் பளிச்சென்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் விவாதமே அந்தச் சமையலறைக்கு மாறியது. வெங்காயம் வதங்கும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு, நான்கு நான்கு பேராக நின்று ஏழு வருடம் மல்லுக்கட்டினார்கள். அவள் ஒருவரையும் போகச் சொல்லவில்லை, கையெழுத்தும் போடவில்லை. பதவி உயர்வு கைநழுவிப் போனது. போனால் போகிறது என்றிருந்தாள். மகள் அந்தச் சுவரைப் பார்த்தே எழுத்துக்கூட்டப் பழகினாள்.

இடையில் ஒருநாள் பொறுமையிழந்த புருஷன் ஓர் அதிகாரியை அழைத்துவந்தான். அதிகாரி சுவரை இரண்டு தடவை வாசித்தார்.

"தெளிவாத்தானே இருக்கு? வாங்க போகலாம்" என்று அவனையும் கூட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இவள் மசியமாட்டாள் என்று புரிந்தபின் அவை இறங்கிவந்தது. எட்டாம் வருடம், மகள் சுவரைப் பார்த்து வாசிக்க வாசிக்க, திருத்திய பதினேழாம் பக்கத்தைத் தட்டச்சுக்காரி ஒப்பிட்டுக் கையெழுத்திட்டாள். மற்றதெல்லாம் புதிது. நாற்பதாம் பிரிவுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே மட்டும் அந்தப் பழைய இரண்டு வரியும், அவை இருக்கும் வீட்டின் கதவு எண்ணும், தெருவும், 'படியேறி இடப்பக்கம், காலை எட்டு மணிக்கு மேல் வரவும்' என்ற குறிப்பும் இருக்கின்றன. நீதிபதிகள் வந்து வாசித்துவிட்டுப் போகிறார்கள். அவர்களுக்கு மகள்தான் கதவைத் திறக்கிறாள்.