எடைக்கல் பெட்டியும் விரைவு வரிசையும்

எங்கள் அலுவலகத்தில் விமானம் ஏறுகிறவர்கள் எல்லோரும் விரைவு வரிசைத் திட்டத்தில் சேர்ந்துவிட்டார்கள், என்னைத் தவிர. ஒருமுறை விண்ணப்பித்து, கைரேகையையும் முகத்தையும் பதிவு செய்து, அதிகாரி கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டால் போதும். அப்புறம் விமான நிலையத்தில் தனி வழி. செருப்பைக் கழற்ற வேண்டாம், பெட்டியைத் திறக்க வேண்டாம், யாரும் உடம்பைத் தடவிப் பார்க்க மாட்டார்கள். கட்டணத்தைக்கூட கம்பெனியே கட்டிவிடும். இத்தனைக்கும் பிறகு ஒருத்தி மாட்டேன் என்றால் அவளுக்குக் கிறுக்கு என்றுதானே நினைப்பார்கள்? நினைத்தார்கள்.

மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"மேடம், முதல்ல சேர வேண்டியதே நீங்கதான். வாராவாரம் போறீங்க. அந்தப் பெட்டிய வேற தூக்கிட்டுப் போறீங்க."

"என் ரேகைய யாருக்கும் கொடுக்கறதா இல்ல" என்றேன்.

"போனைத் திறக்கறப்ப தினமும் கொடுக்கறீங்களே?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். "அது என் போன்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அலுவலகம் முழுக்கத் தெரிந்த விஷயம். அதனால் அவரும் மேற்கொண்டு கிளறவில்லை.

உண்மைக் காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது? அந்த மெதுவான வரிசையின் கடைசியில் ஒருத்தி நிற்கிறாள். வாரம் முழுக்க என் மேல் கை படுகிற ஒரே ஆள் அவள்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் விஷயம் அதுதான்.

என் வேலை தராசுகளைச் சரிபார்ப்பது. மருந்து ஆலை, ஆய்வுக்கூடம், நகைப் பட்டறை என்று ஊர் ஊராகப் போய், அங்கே இருக்கிற தராசு சொல்வது நிஜமா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்காக என்னிடம் ஒரு மரப்பெட்டி உண்டு. உள்ளே வெல்வெட் பதித்த குழிகளில் எடைக்கற்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். இதைச் சாமான்களோடு போட்டால் தூக்கி எறிந்து பாழாக்கிவிடுவார்கள். கையோடுதான் கொண்டுபோக வேண்டும். இந்தக் கற்களை வெறும் கையால் தொடவே கூடாது. விரலில் இருக்கிற எண்ணெய்ப்பசை ஒட்டினால் கல் கனத்துவிடும். கண்ணுக்குத் தெரியாது, நுண்ணிய தராசுக்குத் தெரியும். கல் கனத்தால் அதை நம்பிச் சரிசெய்த தராசும் தப்பு, அந்தத் தராசில் நிறுத்த மருந்தும் தப்பு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நானே ஒரு கல்லையும் வெறும் கையால் தொட்டதில்லை.

அந்தக் காலத்து ஸ்கேன் மெஷினுக்கு என் பெட்டியைக் கண்டாலே ஆகாது. திரையில் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள் தெரியும் போலிருக்கிறது. பெல்ட் நிற்கும். "இது யாரோட பெட்டி?" என்று அதட்டல் வரும். முதல் முறை அவள்தான் பெட்டியைத் திறந்தாள். அதுவரை ஊரார் செருப்பையும் பையையும் துழாவிய அதே கையுறையோடு ஒரு கல்லை எடுக்கப் போனாள்.

"தொடாதே!" என்று கத்திவிட்டேன்.

வரிசை மொத்தமும் திரும்பியது. மூலையில் துப்பாக்கியோடு நின்றவரும் திரும்பினார். எங்கே வேண்டுமானாலும் கத்தலாம், அந்த இடத்தில் இப்படிக் கத்தலாமா? தொலைந்தோம் என்று நினைத்தேன். அவள் மட்டும் அசரவில்லை.

"ஏன், தொட்டா வெடிக்குமா?"

"வெடிக்காது. கனத்துடும்."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு போட்டிருந்த கையுறையைக் கழற்றிக் கூடையில் எறிந்துவிட்டுப் புது ஜோடி ஒன்றை மாட்டிக்கொண்டாள்.

"இப்பத் தொட்டா?"

"கனக்காது."

"அப்பாடா. இங்க வர்றவங்க எல்லாரும் பெட்டி எடையக் குறைச்சுக் குறைச்சுத்தான் சொல்லுவாங்க, 'ஏழு கிலோதான், ஏழு கிலோதான்'னு. கனத்துடும்னு பயப்படறது நீங்க ஒருத்திதான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து நான் அவளுக்கு எடைக்கல் அக்கா. நான் அவளுக்கு மனசுக்குள் வைத்த பேர் கையுறைக்காரி.

அப்புறம் அது வாராவாரம் நடந்தது. பெட்டி வருவதைப் பார்த்தாலே அவள் கையுறையை மாற்றிவிடுவாள். கற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, மூடி, என்னைத் துணித்திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் நிறுத்துவாள். தோளிலிருந்து கணுக்கால் வரை புறங்கையால் தடவிப் பார்ப்பாள். அது அவள் வேலை, எனக்குத் தெரியாதா என்ன? ஆனால் தோளில் கை வைத்ததும் என் உடம்பு தானாகத் தளர்ந்துவிடும்.

"கையத் தூக்குங்க. என்னக்கா இது, இடுப்பு பெல்ட்டு ஒவ்வொரு ஓட்டையா உள்ள போகுது? ஒழுங்காச் சாப்பிடறதில்லையா?"

"யாருக்காகச் சமைக்கறதாம்?"

"ஏன், நீங்க ஆள் இல்லையா?"

அந்த வாரம் முழுக்க நான் தினமும் அடுப்பைப் பற்றவைத்தேன். என் கணவர் இறந்தபிறகு வீட்டில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்க ஆளில்லை. தம்பி ஒருவன் கடல் தாண்டி இருக்கிறான். கூப்பிட்டால், "அக்கா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்பான். அந்த அப்புறம் வந்ததே இல்லை. வீட்டில் குரல் கொடுப்பது வாஷிங் மெஷின் மட்டும்தான். அதுவும் துவைத்து முடித்ததும் ஒரு கூவு கூவிவிட்டு அடங்கிப் போகும்.

அவளும் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லியிருக்கிறாள். விடுதியில் ஓர் அறை. ஷிப்ட் மாறி மாறி வருவதால் பக்கத்து அறைக்காரியின் முகம்கூடத் தெரியாது. "நாள் பூரா ஜனங்களத் தொட்டுட்டுத்தான் இருக்கேன். ஒருத்தரும் என் முகத்தப் பாக்க மாட்டாங்கக்கா. என் கையையே பாத்துட்டு நிப்பாங்க, எப்ப எடுப்பேன்னு."

போன் நம்பர் கேட்டு வாங்கியிருக்கலாமே என்பீர்கள். பயணிகளோடு பழக்கம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவர்களுக்கு விதி. அதுகூட ஒரு சாக்குதான். எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, அவள் தயங்கிவிட்டால், அடுத்த வாரம் எந்த மூஞ்சியோடு அந்த வரிசையில் போய் நிற்பது?

இப்படி இருக்கும்போது ஒருநாள் நாங்கள் பேசிய பேச்சில் எனக்கு விமானம் போய்விட்டது. மருந்து ஆலையில் எனக்காகக் காத்திருந்து வேலை நின்றுபோயிற்று. வரிசைதான் காரணம் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். நானும் ஆமாம் சாமி போட்டேன்.

"இதான் கடைசி மேடம். இந்த வாரம் போயிட்டு வந்து விரைவு வரிசைல சேந்துடுங்க. இல்லன்னா வெளியூர் ஆலையெல்லாம் வேற ஆளுக்குக் கொடுத்துடறேன். உள்ளூர்த் தராசுங்களப் பாருங்க, போதும்."

சேர்ந்தாலும் அவளைப் பார்க்க முடியாது, சேராவிட்டாலும் முடியாது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களின் மேல் கோபத்தைக் காட்டினேன். மேலாளரோடு ஒரு சண்டை போட்டால் இன்னும் கொஞ்ச நாளாவது இழுத்தடிக்கலாம் என்று தோன்றியது. சண்டைக்கு எனக்கு ஒரு துணை வேண்டும். "சேராதீங்கக்கா" என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஒற்றைக்காலில் நின்றுவிடுவேன்.

அந்த வாரமும் பெல்ட் நின்றது. அவள் கையுறையை மாற்றினாள், கற்களைப் பார்த்தாள், திரைக்குப் பின்னால் பெட்டியோடு கூட்டிப்போனாள். அன்றைக்கென்று பேச்சே இல்லை. நான்தான் ஆரம்பித்தேன்.

"என்னை விரைவு வரிசைல சேரச் சொல்லி உயிர எடுக்கறாங்க. நான் முடியாதுன்னுட்டேன்."

என் தோளில் இருந்த கை அப்படியே நின்றது.

"சேந்துடுங்கக்கா."

எனக்குச் சுருக்கென்றது. "ஏன், என்னைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சா?"

அவள் திரையை விலக்கி வெளியே ஒருமுறை எட்டிப்பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பெட்டியத் திறக்கவே வேண்டியதில்லக்கா. போன வருஷம் புது மெஷின் வந்துச்சுல்ல? அதுல எல்லாம் கண்ணாடி மாதிரி தெரியும். ஒவ்வொரு கல்லையும் எண்ணலாம்."

"அப்புறம் எதுக்குடி நிறுத்தின?"

முதல் முறையாக அவளை 'டி' போட்டுவிட்டேன். அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தன் கையுறையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மாதான்" என்றாள்.

ஒரு வருஷமாக இவள் என்னைச் சும்மா நிறுத்தியிருக்கிறாள். நான் இவளுக்காக நின்றேன், இவள் எனக்காக நிறுத்தினாள், இரண்டு பேரும் மெஷின்மேல் பழியைப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

"மேலதிகாரி கண்டுபிடிச்சுட்டாருக்கா. காரணமில்லாம ஒரே ஆள ஏன் நிறுத்தறேன்னு கேக்கறாரு. இன்னொரு தடவை நடந்தா வேலை போயிடும்னு சொல்லிட்டாரு."

"அப்ப இன்னிக்கு எதுக்கு நிறுத்தினே?"

"சொல்லிக்கணும்ல?"

"சரி, இனிமே நிறுத்தாதே. நான் பாட்டுக்கு வரேன், தள்ளி நின்னு பாத்துட்டுப் போயிடறேன்."

அவள் தலையை ஆட்டினாள். "நீங்க இந்த வரிசைல வந்தா என் கை சும்மா இருக்காதுக்கா. எனக்கு என்னைப் பத்தித் தெரியும். அந்தப் பக்கம் போயிடுங்க."

பெட்டியை மூடப் போனாள். எனக்கு என்ன தோன்றியதோ, மூடியைப் பிடித்துக்கொண்டேன்.

"கையுறையக் கழட்டு."

"ஐயோ, கனத்துடுமே."

"கழட்டுன்னா கழட்டு."

கழற்றினாள். நாளெல்லாம் ரப்பருக்குள் கிடந்து அவள் விரல்கள் ஈரத்தில் ஊறியவைபோல் வெளுத்துச் சுருங்கியிருந்தன. பெட்டிக்குள் இருக்கிற குறட்டால் ஒரு சின்னக் கல்லை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரல்களை மூடிக்கொண்டாள்.

"எவ்வளவு குளுமையா இருக்கு" என்றாள். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, அவளே அதை அதன் குழியில் திருப்பி வைத்தாள். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. விமானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்து ஆலையில் தராசைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்திருந்தார்கள். மூச்சுக்காற்று பட்டாலே எண் மாறுகிற தராசு. கற்களை ஒவ்வொன்றாக வைத்து எடுத்தேன். எல்லாம் சரியாக வந்தது. அந்தச் சின்னக் கல்லை வைத்ததும் கடைசி இலக்கம் ஏறி நின்றது. பக்கத்தில் நின்ற வேதியியல்காரர் குனிந்து பார்த்தார்.

"எங்க தராசு கூடக் காட்டுதா மேடம்?"

"உங்க தராசு சரியாத்தான் இருக்கு. என் கல்லுதான் தப்பு. கை பட்டிருக்கு."

"நீங்களா? நீங்க தொட மாட்டீங்களே! யாரு கை?"

சட்டென்று என்ன சொல்வது? சிநேகிதி என்று சொல்ல எனக்கு என்ன பாத்தியதை?

"தெரிஞ்சவங்க" என்றேன்.

ஏறி நின்ற அந்த இலக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் கை அவ்வளவு கனம். அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, பொய் சொல்வானேன். ஆனால் விட்டால் எந்த ஊரிலோ யாரோ ஒருவர் தப்பான மருந்தை விழுங்க வேண்டும். துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டுக் கல்லைத் துடைத்தேன். திரும்ப வைத்தேன். இலக்கம் இறங்கிச் சரியான இடத்தில் வந்து நின்றது.

"பெர்பெக்ட்" என்றார் அவர். என் கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஸ்பிரிட் நெடி ஆகவில்லை என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தபடியே மேலாளருக்குப் போன் செய்து, சேர்கிறேன் என்றேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

பதிவு செய்கிற இடத்தில் என்னென்னவோ கேட்டார்கள். என்ன வேலை, எங்கே குடியிருப்பு, கூட யார் இருக்கிறார்கள். "யாருமில்ல" என்றேன். அந்த அதிகாரி தட்டச்சு செய்துகொண்டார். கண்ணாடித் தகட்டில் என் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தச் சொன்னார்கள். நான் கையை எடுத்ததும் ஒரு துணியால் அந்தத் தகட்டைப் பளிச்சென்று துடைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

அடுத்த பயணத்தில் விரைவு வரிசையில் போனேன். வரிசை என்று பேர்தான், முன்னால் யாருமே இல்லை. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் அவள் முதுகு தெரிந்தது. யாரோ ஒரு பெரியவரின் பையைத் திறந்துகொண்டிருந்தாள். அவள் இந்தப் பக்கம் திரும்பவில்லை. திரும்ப வேண்டாம் என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

என் பெட்டி மெஷினுக்குள் போய், நிற்காமல் இந்தப் பக்கம் வந்துவிட்டது. அங்கே நின்ற ஊழியர் அதை என் பக்கம் தள்ளினார்.

"திறந்து பாக்கலையா?" என்று கேட்டேன்.

"தேவையில்ல மேடம்."

"உள்ள எடைக்கல்லு இருக்கு. கையுறை போட்டுட்டு ஒருதடவ பாத்துடுங்களேன்."

அவர் சிரித்தார். "உங்களப் பத்தி எல்லாம்தான் எங்களுக்குத் தெரியுமே, மேடம். நீங்க போங்க."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். விமானத்துக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது.