சிங்கராசா வீடு எழும்பிய வகை

இதனால் சகலருக்கும் அறியத்தருவதாவது: தலைமன்னாரின் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க பெருங்காரியமாக, மீனவர் சங்கத் தலைவர் அம்புறோஸ் தன் வீட்டுக்குள் தாழ்ந்த நிலத்தைத் தூக்கப் போய், பக்கத்து வளவில் இருந்த தம்பி சிங்கராசாவின் வீட்டை ஆள் உயரத்துக்குத் தூக்கிவிட்டார்.

நிலம் தாழ்ந்ததில் மாயம் ஒன்றுமில்லை. அது மகள் டினோஜாவுக்குச் சீதனமாகக் கட்டிய வீடு. தவக்காலம் தொடங்கினால் கோயிலில் கலியாணம் இல்லை. அந்த அவசரத்தில் அத்திவாரத்துக்குள் கொட்டிய மணலுக்குத் தண்ணீர் விட்டு இடித்து இறுக்காமல், அதன்மேல் அப்படியே கொங்கிறீற் போடுவித்தார் அம்புறோஸ். "பாதர் தீர்த்தம் தெளிச்ச மண், அசையாது" என்பது அவரது பொறியியல். மார்கழி மழைக்கு மண் அசைந்தது. தை மாதம் வீடு பார்க்கப் பேசாலையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாய் பிரான்சிஸ்கா, இருந்த கதிரையோடு சறுக்கிப்போய் அலுமாரியில் முட்டி நின்றா. எழும்பிச் சீலையைத் தட்டிவிட்டு, "நிலம் மட்டமானாப் பிறகு சொல்லியனுப்புங்கோ" என்று போய்விட்டா.

மன்னார் ரவுணிலிருந்து றொகான் மிசினோடு வந்தான். நிலத்தில் துளை போட்டு, அடியில் சீமெந்துக் கூழைப் பம்ப் பண்ணினால் கொங்கிறீற் மெல்ல எழும்பும். அதுதான் அவன் தொழில். இங்கே அடித்தும் ஒரு நூலளவும் எழும்பவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமிருந்துதான் சத்தம் வந்தது: "அண்ணை, என்ர வீட்டை என்ன செய்யிறியள்?" திருவிழாவில் புனிதரின் சுருவம் தூக்கும்போது ஆர் முன்னுக்கு நிற்பது என்று பிடுங்குப்பட்ட நாளிலிருந்து, சகோதரர் இருவருக்குமிடையில் நடந்த முதல் பேச்சு அது. சீமெந்து காணாமல்தான் இந்தக் கோளாறு என்று தீர்மானித்த அம்புறோஸ் இன்னும் அடிப்பித்தார். சிங்கராசாவின் வீடு ஒரு வெடிப்பில்லாமல், கோழிக்கூட்டையும் கூட்டிக்கொண்டு மேலே போனது. தம்பி ஏணி வைத்துக்கொண்டார். சனம் வந்து பார்த்தது. நண்டு விலை ஏறியதும் கரைக்குத் திரும்பிவிட்டது.

"அப்பா, சித்தப்பா வீட்டுக்குக் கீழ அடிச்சா எங்கட வீடு எழும்பும்தானே. போய்க் கேளுங்கோ" என்றாள் டினோஜா. தலைவர் கேட்பதாவது! அவர் சங்கக் கூட்டத்துக்குப் போனார், கோயிலுக்குப் போனார், தம்பி வீட்டுக்கு மட்டும் போகவில்லை. தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் நெருங்கியது. பிள்ளை சாப்பாட்டைத் தொடாமல் கிடந்தாள். கடைசியில், ஊரே பார்க்க, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார்.

"இருங்கோ அண்ணை" என்று சிங்கராசா பிளேன்ரீ கொடுத்தார். கோப்பை காலியான பிறகுதான் அம்புறோசுக்கு வாய் வந்தது.

"உன்ர வீட்டுக்குக் கீழ கொஞ்சம் அடிக்கலாமோ? அடிச்சா நான் எழும்புவன்."

"நீங்கள் எப்ப இறங்கினனீங்கள், எழும்புறதுக்கு?" என்றார் தம்பி. பிறகு, "பிள்ளைக்காக அடியுங்கோ."

அடித்தார்கள். அம்புறோசின் நிலம் எழும்பி, நீர்மட்டம் வைத்துப் பார்க்கச் சரியாக நின்றது. கலியாணமும் நடந்தது. சிங்கராசா ஏணியால் ஏறி இறங்குகிறார். மேலே காற்று நல்லது என்கிறார். டினோஜாவும் புருசனும் பங்குனியில் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். சீதன வீடு பூட்டிக் கிடக்கிறது.