சார்ஜ் ஏறாத காலை

நான் வந்து நின்றால்தான் ஆபரேஷனுக்குள் போவேன் என்று அப்பா அடம்பிடித்தார். இதய ஆபரேஷன். ஏற்கெனவே இரண்டு முறை நாள் குறித்து, இரண்டு முறையும் கட்டிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடையைக் கட்டிய மனிதர். இந்த முறையும் ஓடினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பதினொரு மணிக்கு உள்ளே போக வேண்டும். அக்கா கூட இருக்கிறாள், ஆனால் அவள் பேச்சு அப்பாவிடம் எடுபடாது.

ஆஸ்பத்திரி அடுத்த ஊரில். பஸ்ஸில் போயிருக்கலாம். எனக்குத்தான் என் மின்சார பைக்கின் மேல் தலைகால் புரியாத பெருமை. வழியில் ஒரு இடத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டால் நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவேன் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டு கிளம்பினேன். பீற்றிக்கொள்ளக் காரணமும் இருந்தது. பொதுச் சார்ஜிங் நிலையங்கள் நடத்தும் கம்பெனியின் உதவி எண்ணில் பதில் சொல்வதுதான் என் பிழைப்பு. எந்த மெஷின் எப்படி மக்கர் பண்ணும் என்று எனக்குத் தெரியாதா?

முதல் நிலையம் ஒரு சூப்பர் மார்க்கெட்டின் பக்கவாட்டில். கேபிளை மாட்டினேன், போனில் கம்பெனி ஆப்பைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் ‘வண்டிக்காகக் காத்திருக்கிறது’ என்று வந்தது. நானும் காத்திருந்தேன். ஒன்றும் ஏறவில்லை. கழற்றி மாட்டினேன். பிளக்கை ஊதினேன். அவசரத்துக்கு அமுக்கும் சிவப்புப் பொத்தானை யாராவது அமுக்கித் தொலைத்திருக்கிறார்களா என்று திருகிப் பார்த்தேன். தள்ளுவண்டி நிறைய சாமான் வைத்திருந்த ஒரு அம்மா, ‘பாவம்’ என்பதுபோல என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் உதவி எண்ணுக்கே அடித்தேன். எடுத்தது எங்கள் செக்‌ஷனில் ‘நிதானம்’ என்று நாங்கள் கேலி செய்யும் பெண். கட்டடமே தீப்பிடித்தாலும் வரிசையாக வாங்க என்பாள்.

“வணக்கம் சார். முதல் கேள்வி, உங்க வண்டியில சார்ஜிங் டைமர் ஏதாவது…”

“ஏம்மா, நான்தான். அந்தப் பாட்டை எங்கிட்டயே பாடாத. நான் தினம் பாடுறதுதானே? நேரா மெஷினை ரீஸ்டார்ட் பண்ணு.”

பண்ணினாள். பச்சை விளக்கு அணைந்து மறுபடி எரிந்தது. மறுபடி காத்திருக்கிறதாம். இந்த மெஷின் உருப்படாது என்று கேபிளைப் பிடுங்கி மெஷினிலேயே மாட்டிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் பறந்தேன்.

அது ஒரு ஹோட்டலின் பின்பக்கம். அங்கே ஒரு பெட்ரோல் கார் குறுக்கே நின்றது. டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தட்டி, கெஞ்சி, கடைசியில் சண்டை போட்டு நகர்த்த வைத்தேன். மாட்டினேன். பச்சை விளக்கு. காத்திருக்கிறது. அந்த டிரைவர் இறங்கி வந்து, “இதுக்குத்தானா தம்பி என் தூக்கத்தைக் கெடுத்தே?” என்றார். கேபிளைக் கழற்றிவிட்டுக் கிளம்பினேன்.

மூன்றாவது நிலையத்துக்கு உருட்டாத குறையாகத்தான் போய்ச் சேர்ந்தேன். பேட்டரிக் கோடு சிவப்பாகி, பைக் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. சைக்கிளில் போகிறவர்கள் என்னைத் தாண்டிப் போனார்கள். மூடிக்கிடந்த பழக்கடையின் சுவரோரம் மெஷின். அதே பச்சை. அதே எழுத்து. எட்டி உதைக்கலாமா என்று காலைத் தூக்கிவிட்டேன், அதற்குள் நிதானமே போனில் கூப்பிட்டாள்.

“கோவப்படாதீங்க. உங்க அக்கவுண்ட்ட பாத்துக்கிட்டே இருக்கேன். மூணு மெஷினும் கரண்ட் குடுக்கத் தயாரா இருக்கு. உங்க வண்டிதான் வேணாங்குது. இப்பவாவது முதல் கேள்வியக் கேக்கட்டுமா?”

பைக்கின் திரையைத் திறந்தேன். ஓரத்தில் ஒரு சின்னக் கடிகாரம். ‘இரவு பத்து மணிக்குப் பிறகு மட்டும் சார்ஜ்.’ எங்கள் குடியிருப்பில் சாயங்காலம் வண்டிகளை மாட்டினால் ஃப்யூஸ் போய் லிஃப்ட் நின்றுவிடுகிறது என்று ஒரே ரகளை. அதற்காகப் போன மாதம் நானே போட்ட டைமர். அதை எடுத்துவிட்ட நிமிஷமே சார்ஜ் ஏறத் தொடங்கியது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

போன் அடித்தது. அப்பா.

“எங்கடா இருக்க? ஆபரேஷனுக்குக் கூட்டிட்டுப் போகத் தள்ளுவண்டி கொண்டுவந்துட்டாங்க.”

இதோ வாசலில் என்று ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. “அப்பா, நேரத்துக்கு வர முடியாதுப்பா. சார்ஜ் போட்டுக்கிட்டு நிக்கிறேன்.”

“உங்க கம்பெனி மெஷினா?”

“ஆமா.”

“வெளங்கிடும். அப்ப நான் வீட்டுக்குப் போறேன். என் சட்டை எங்க?”

பின்னால் அக்கா அழுவது கேட்டது. வாடிக்கையாளர்கள் கத்தும்போது பேசுகிற அந்தக் குரல், என்னை அறியாமல் வந்துவிட்டது.

“அப்பா, போனை வைக்காதீங்க. பக்கத்துல யாரு இருக்கா?”

“ஒரு நர்ஸ் பொண்ணு.”

“சரி. தள்ளுவண்டில ஏறி மட்டும் படுங்க. இப்பப் போறது இல்ல, சும்மா படுங்க. படுத்தாச்சா?”

“ம். ஜில்லுனு இருக்கு.”

“போர்வை கேளுங்க. குடுத்தாளா? இப்ப என்ன தெரியுது?”

“லைட்டு. ஓடுது. தள்ளுறாங்கடா. டேய், பயமா இருக்குடா.”

அப்பா இந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. “எனக்கும்தான்ப்பா. நான் லைன்லதான் இருக்கேன். பேசிக்கிட்டே போங்க.”

லிஃப்டைச் சொன்னார், கதவைச் சொன்னார், தள்ளுகிற ஆள் மூக்கை உறிஞ்சுவதைத் திட்டினார். பிறகு சத்தம் இல்லை. நான் அப்பா, அப்பா என்று தெருவில் நின்று கத்தினேன்.

“நான்தான்டா,” என்றாள் அக்கா. “போனை வாங்கிட்டாங்க. உள்ள போயிட்டாரு.”

“ரொம்ப பயந்தாரா?”

“போர்வைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் போனாரு. வாசல்ல அந்த நர்ஸ் கேட்டா, பையன் வரணும்னு சொன்னீங்களே, வந்தாச்சான்னு.”

“என்ன சொன்னாரு?”

“வந்துட்டான், வெளிய நிக்கிறான்னாரு.”

சொல்லிவிட்டு அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பைக்கில் இன்னும் கால்வாசிகூட ஏறவில்லை.